‘சோர்’ வந்தது சோர்விலிருந்தா?

தொடங்கியவர் · ஜூன் 3, காலை 9.12

வீட்டில் அன்றாடம் செய்கிற வேலைகளை ஆங்கிலத்தில் ‘சோர்’ என்கிறார்கள். செய்தால் சோர்வு வருகிறது, ஆகவே சோர். நம்முடைய சோர்வுதான் கப்பலேறிப் போயிருக்கிறது என்பது என் துணிபு. ‘சோலியைப் பாரு’ என்கிற சோலியும் பக்கத்தில்தான் நிற்கிறது. லகரம் ரகரமாவது புதிதில்லை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

இன்னொன்று. தமிழில் இதற்கு ஒரே சொல் என்ன போடுவது? அகராதி ‘வீட்டு வேலை’ என்கிறது. பாதி இடத்தில் ஒட்டவில்லை.

திருத்துநர் · ஜூன் 3, காலை 11.40

ஓசை ஒன்றுபோல இருப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. சோர் என்ற வடிவம் 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆங்கிலத்தில் தலைகாட்டியது. அதற்கு முன்பே இங்கிலாந்தில் ‘சார்’, ‘சேர்’ என்று வழங்கிய சொல்லின் கிளை அது. இன்னும் பின்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் ‘சியர்’. பொருள்: திரும்புதல், ஒரு தடவை, ஒரு சந்தர்ப்பம், ஒரு காரியம். சோர்வுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

அந்தப் பழைய ‘திரும்புதல்’ இன்றும் ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. கதவு பாதி திறந்திருப்பதை ‘அஜார்’ என்கிறார்களே, அது ‘ஆன் சார்’ என்பதன் தேய்வு. கொஞ்சம் திரும்பிய நிலையில் இருக்கிற கதவு. நாம் ‘ஒருக்களித்த கதவு’ என்று சொல்வோம். அதே ‘சார்’தான் பிரிட்டிஷ் ஆங்கிலத்தின் ‘சார்வுமன்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. நாள்கூலிக்கு வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போகிற பெண்ணுக்கு அந்தப் பெயர்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். சோறு என்பதன் சகரத்தைப் போல மெலிதாகச் சொல்லக் கூடாது. ‘பச்சை’யில் வருகிற அழுத்தமான ஒலி. கோரஸ் என்ற சொல்லும் அதே இரண்டு எழுத்தில் தொடங்குகிறது என்று ‘கோர்’ என்று படித்தால் வேறு சொல்லாகிவிடும். அது பொருளையே தலைகீழாக்கும்: ‘கோர்’ என்றால் மையமான, முக்கியமான, சோர் என்றால் சில்லறையான. வேலை விண்ணப்பத்தில் முக்கியப் பொறுப்புகள் என்று எழுதப் போய் நடுவில் ஓர் எழுத்துக் கூடிவிட்டால், பத்து ஆண்டு அனுபவமும் பாத்திரம் கழுவின கணக்கில் சேரும். எழுத்துப்பிழை திருத்தி இதைக் காட்டிக்கொடுக்காது, இரண்டும் சரியான சொற்கள்.

தொடங்கியவர் · ஜூன் 3, மதியம் 12.05

சோலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

திருத்துநர் · ஜூன் 3, மதியம் 12.20

சோலி பொதுச்சொல். வியாபாரமும் சோலிதான், வழக்கு வியாஜ்ஜியமும் சோலிதான், ‘உனக்கென்ன சோலி’ என்றால் சம்பந்தம் என்றுகூடப் பொருள். சோர் அவ்வளவு அகலமில்லை. சிறியது, வழக்கமாக வருவது, இன்று முடித்தாலும் நாளைக்கு மறுபடி நிற்பது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் சோர். வீட்டுக்கு வெள்ளையடிப்பது சோர் ஆகாது. தரை துடைப்பது ஆகும்.

தமிழ் ஆதாரம் தேடி அலைந்தீர்களே, உறவு இருக்கிறது, ஆனால் வேரில் இல்லை, பொருள் நடந்த வழியில் இருக்கிறது. ‘முறை’யை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று என் முறை, மூன்று முறை சொன்னேன், முறைவைத்துச் செய்கிறோம். பழைய ஆங்கிலச் சொல் நடந்த அதே தடம். ‘சுற்றுவேலை’ என்றும் ஒன்று உண்டு: வீட்டில் முக்கிய வேலையைச் சுற்றி நிற்கிற துடைப்பது, கழுவுவது, எடுத்துவைப்பது. திரும்புதலும் சுற்றுதானே. இரண்டு மொழி, ஒரே யோசனை.

வசனகாரர் · ஜூன் 3, இரவு 8.30

படத்தின் அடியில் ஓடுகிற துணைவசனம் எழுதுகிறவர்களுக்கு வேர் தேவையில்லை, வாக்கியம் வேண்டும். ‘வீட்டு வேலை’ ஏன் ஒட்டவில்லை என்பதற்குக் காரணம்: தமிழில் அதற்கு இரண்டு பொருள். ‘வீட்டு வேலை செய்கிறாள்’ என்றால் தன் வீட்டிலா, சம்பளத்துக்கு அடுத்த வீட்டிலா என்று தெரியாது. படத்தில் பதின்ம வயதுப் பையன் ‘எனக்குச் சோர்ஸ் இருக்கு’ என்கிறான். ‘எனக்கு வீட்டு வேலை இருக்கிறது’ என்று போட்டால் பையன் எங்கோ வேலைக்குப் போகிறான் போல இருக்கிறது. ‘வீட்டுல வேலை இருக்கு’ என்று ஏழாம் வேற்றுமையைச் சேர்த்தால் தீர்ந்தது.

திருத்துநர் · ஜூன் 4, காலை 7.15

நல்ல தீர்வு, எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது இரண்டாவது பொருள், தமிழில் அதிகம் தவறுகிற இடம். ‘இட்ஸ் எ சோர்’ என்றால் அங்கே வீடே கிடையாது. அலுப்பு என்று பொருள். ‘அந்த நாவலைப் படிப்பது ஒரு சோர்’ என்பதை ‘வீட்டு வேலை போன்றது’ என்று எழுதியிருப்பதைப் பார்க்க முடிகிறது. ‘படித்து முடிப்பதே பெரும்பாடு’ என்று எழுத வேண்டியது. பேச்சு நடையென்றால் ‘சள்ளை’. இந்த ஒரு சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஏன் தொடவே மாட்டேன் என்கிறார்கள் என்று புரியவில்லை. படிவம் நிரப்புவது சள்ளை, கடவுச்சொல்லை மாற்றுவது சள்ளை. அந்தப் பொருளில் வருகிற சோருக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் கிடையாது.

எப்படிப் பிரித்தறிவது? பன்மையில் வந்தால் வேலை, ஒருமையில் வந்தால் அலுப்பு.

வசனகாரர் · ஜூன் 4, காலை 9.50

அந்த விதி நிற்காது. ‘குப்பையை வெளியே வைப்பது என் சோர்’ என்று ஒருமையிலும் வருகிறது. அங்கே அலுப்பு இல்லை, அவனுக்கு ஒதுக்கிய பங்கு.

திருத்துநர் · ஜூன் 4, காலை 10.30

சரி, விதியைத் திரும்பப் பெறுகிறேன். ஒருமை பன்மையை விட்டுவிட்டு, சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்க்கவும்.

‘டூ’ என்ற வினை முன்னால் வந்தால் வேலை. ‘மேக்’ வராது, ‘மேக் சோர்ஸ்’ என்பது பிழை. ‘மை’, ‘ஹிஸ்’ போல உடைமைச் சொல் முன்னால் வந்தால் ஒதுக்கிய பங்கு. ‘எ சோர்’ என்று வந்து, பின்னால் ‘டு’ சேர்ந்த வினை தொடர்ந்தால் பெரும்பாலும் அலுப்பு. ‘சச் எ’, ‘ரியல்’, ‘பிட் ஆஃப் எ’ முன்னால் வந்தால் சந்தேகமே வேண்டாம். அலுப்புதான்.

‘ஹவுஸ்வொர்க்’ என்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதற்குப் பன்மை இல்லை. ‘ஹவுஸ்வொர்க்ஸ்’ என்று எழுதக் கூடாது, முன்னால் ‘எ’யும் போடக் கூடாது. எண்ண வேண்டுமானால் சோர்ஸ், மொத்தமாகச் சொன்னால் ஹவுஸ்வொர்க். ‘ஹோம்வொர்க்’ என்பதும் இதே கட்சி, ‘நிறைய ஹோம்வொர்க்ஸ்’ கிடையாது.

தொடங்கியவர் · ஜூன் 4, மாலை 6.10

அப்படியானால் ‘மெனி வொர்க்ஸ்’?

திருத்துநர் · ஜூன் 4, மாலை 6.45

அது எல்லாப் பிழைக்கும் தாய். தமிழில் வேலை எண்ணக்கூடிய பொருள்: ஒரு வேலை, நாலு வேலை, ஆயிரம் வேலை. அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்தால் ‘ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்’ வந்துவிடுகிறது. ‘வொர்க்ஸ்’ என்று பன்மையில் சொன்னால் அவர்கள் காதில் விழுவது தொழிற்சாலை, பொதுப்பணி, அல்லது ஓர் எழுத்தாளரின் படைப்புகள். ‘எ லாட் ஆஃப் வொர்க்’ என்க. எண்ணியே ஆக வேண்டுமானால் ‘டாஸ்க்ஸ்’, அல்லது வெறுமனே ‘திங்ஸ் டு டூ’. கடைசியாகச் சொன்னதுதான் காதுக்கு இயல்பு.

இலக்கணத்தில் பிழையே இல்லாமலும் பொருள் தவறும். ‘வேலை இருக்கு, நாளைக்கு வர முடியாது’ என்பதை ‘ஐ ஹேவ் வொர்க் டுமாரோ’ என்று சொன்னால், கேட்பவர் நாளைக்கு உங்களுக்கு அலுவலகம் உண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல வந்தது வங்கிக்கும் தையல்காரரிடமும் போக வேண்டும் என்பது. அதற்குச் சொல் ‘எரண்ட்ஸ்’.

வசனகாரர் · ஜூன் 4, இரவு 9.20

எரண்டைத் தொட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். சோர் வாசலுக்கு உள்ளே, எரண்ட் வாசலுக்கு வெளியே. இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. எரண்ட் என்றால் வெளியே போய், காரியத்தை முடித்துவிட்டு, திரும்பி வருவது. திரும்பி வருவது முக்கியம்.

‘ஐ ஹேவ் டு ரன் சம் எரண்ட்ஸ்’ என்பதைப் பார்த்ததும் ‘ஓட’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் ஓடவில்லை. ‘வெளிய கொஞ்சம் வேலை இருக்கு’ போதும். ஒரே இடமென்றால் ‘ஒரு எட்டு போயிட்டு வந்துடுறேன்’. பல இடமென்றால் ‘நாலு இடத்துக்குப் போகணும்’. இந்த மூன்றில் ஒன்று எப்போதும் உட்காரும், இரண்டு வரிக்குள் அடங்கவும் செய்யும். ‘பணிகளை மேற்கொள்ள வேண்டியுள்ளது’ என்று எழுதினால் கதாநாயகி அரசாணை வாசிப்பது போல இருக்கும்.

‘எரண்ட் பாய்’ என்றால் எடுபிடி. ‘ஃபூல்ஸ் எரண்ட்’ என்றால் வெட்டி அலைச்சல். அங்கே முட்டாளைத் தேடிப் பிடித்து மொழிபெயர்க்க வேண்டாம்.

திருத்துநர் · ஜூன் 5, காலை 6.50

எரண்டின் பழைய பொருள் செய்தி, தூது. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிற சொல். தூதுபோவது என்பது சிறுத்துச் சிறுத்து, 17ஆம் நூற்றாண்டில் சின்னக் காரியத்துக்காகப் போய்வருவது என்றாகிவிட்டது. அரசனின் தூதுவன் கடைக்குப் போகிற பையனானான். சொற்களுக்கும் பதவியிறக்கம் உண்டு.

இன்னொரு கண்ணி. தமிழில் எழுதும்போது ‘எரண்ட்’ என்று இரண்டு வெவ்வேறு சொற்கள் ஒன்றுபோல விழும். ஒன்று இது, கடைசி ஒலி ‘டி’. மற்றது அலைந்து திரிகிற, வழிதவறிய என்று பொருள்படுவது, கடைசி ஒலி ‘டீ’ என்னும் வல்லெழுத்து. ‘நைட் எரண்ட்’ என்றால் ஊர் ஊராகச் சுற்றுகிற வீரன். அவன் யாருக்கும் எடுபிடி இல்லை. இரண்டுக்கும் வேர் வேறு. காதால் கேட்டு எழுதுகிறவர்கள் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்துவிட்டு மொழிபெயர்க்கவும்.

எரண்டுக்கு வருகிற வினைகள்: ‘ரன்’, ‘டூ’, ‘கோ ஆன்’, ‘செண்ட் ஆன்’. ‘டூ மீ அன் எரண்ட்’ வராது, ‘டூ மீ எ ஃபேவர்’ என்பதன் நிழல் விழுந்த பிழை. ‘ரன் அன் எரண்ட் ஃபார் மீ’ என்பதே வழக்கு.

திருத்துநர் · ஜூன் 5, காலை 7.05

மேலே உள்ளதைத் திருத்துகிறேன். ‘டி’, ‘டீ’ என்று எழுதியது உளறல், படித்தால் எனக்கே புரியவில்லை. ‘வண்டி’யில் டகரம் அதிர்ந்து மெலிகிறதே, அது போய்வருகிற எரண்டின் முடிவு. ‘பட்டு’வில் டகரம் அதிராமல் இறுகி நிற்கிறதே, அது திரிகிற எரண்டின் முடிவு.

நிரலாளர் · ஜூன் 5, பிற்பகல் 3.00

யாரும் சொல்லவில்லை, எங்கள் பக்கத்தில் சோர் தினமும் புழங்குகிறது. மென்பொருளில் மாற்றம் செய்து பதியும்போது செய்திக்கு முன்னால் ஒரு வகைப்பெயர் வைப்போம்: புதிய வசதி என்றால் ‘ஃபீட்’, பிழைதிருத்தம் என்றால் ‘ஃபிக்ஸ்’, இரண்டும் இல்லாத பராமரிப்பு என்றால் ‘சோர்’, பிறகு ஒரு முக்காற்புள்ளி. கன்வென்ஷனல் கமிட்ஸ் என்ற மரபு இது. அதன் விதிப்படி ஃபீட் வந்தால் மூன்று எண் கொண்ட பதிப்பெண்ணின் நடு எண் கூடும், ஃபிக்ஸ் வந்தால் கடைசி எண் கூடும். சோர் வந்தால் தானாக எதுவும் கூடாது.

கோளாறு இங்கேதான் பிறக்கிறது. பயன்படுத்துகிற நிரல் நூலகம் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்) ஒன்றில் பாதுகாப்பு ஓட்டை, அதன் புதிய பதிப்புக்கு மாற்றுகிறார்கள். எண்தானே மாறுகிறது என்று சோர் போட்டுவிடுவார்கள். பதிப்பை வெளியிடும் தானியங்கி அதைப் பார்த்து, வெளியிட ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிடும். ஓட்டை அடைபட்டது எங்கள் நிரல் களஞ்சியத்தில் மட்டும், பயனர் கையில் பழையதே. பயனரை எட்ட வேண்டிய மாற்றமா என்று கேட்டுக்கொள்ளவும். ஆம் என்றால் அது ஃபிக்ஸ். பழைய நிரல்களை முறிக்கிற மாற்றமென்றால் வகைப்பெயர் எதுவாக இருந்தாலும் முறிவுக்குறியான ஆச்சரியக்குறியைப் போடவும், அப்போது முதல் எண்ணே கூடும்.

தமிழில் ஆவணம் எழுதினால் இங்கே ‘சள்ளை’ போடலாமா?

திருத்துநர் · ஜூன் 5, மாலை 5.30

மனசாட்சிப்படி போடலாம். ஆவணத்தில் ‘பராமரிப்பு’ என்றே எழுதுங்கள். வகைப்பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் விடவும், கருவி அந்த எழுத்துகளைத்தான் தேடும்.

தொடங்கியவர் · ஜூன் 6, காலை 8.00

கேள்வி பெருகிக்கொண்டே போகிறது. டாஸ்க்? கூலி கிடைத்தால் ஜாப், கிடைக்காவிட்டால் சோர் என்று வைத்துக்கொள்ளலாமா?

திருத்துநர் · ஜூன் 6, காலை 10.10

கூலியை வைத்துப் பிரிக்க முடியாது. அமெரிக்கப் பண்ணைகளில் காலையும் மாலையும் மாட்டுக்குத் தீனி வைப்பது, பால் கறப்பது, கொட்டகையைச் சுத்தம் செய்வது எல்லாம் சோர்ஸ்தான், கூலியாள் செய்தாலும். சார்வுமன் கூலிக்காரி என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன்.

டாஸ்க் வேறு குடும்பம். அதுவும் வரிவிதிப்பைக் குறிக்கிற ‘டாக்ஸ்’ என்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். இடைக்கால லத்தீனில் ‘டக்ஸா’ என்று இருந்தது, ஒலிகள் இடம் மாறி ‘டஸ்கா’ ஆனது. நம் இலக்கணத்தில் தசை சதையாவதைச் சொல்வார்களே, அதே கதை. ஆகவே டாஸ்க் என்றால் இன்னொருவர் அளந்து உங்கள் தலையில் கட்டியது. சோரை யாரும் கட்ட வேண்டியதில்லை, பாத்திரம் தானாகவே சேர்கிறது. இன்று டாஸ்க் பொதுவாகத் தேய்ந்துவிட்டது. இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு கூறு என்ற நினைப்பு அதில் மிச்சமிருக்கிறது. கணினிக்காரர்கள் 1960களில் ‘மல்டிடாஸ்கிங்’ என்றபோது அந்த நினைப்பில்தான் சொன்னார்கள். மனிதர்கள் மேல் அதை ஏற்றியது பிற்பாடு.

‘டேக் டு டாஸ்க்’ என்று வந்தால் எச்சரிக்கை. மேலாளர் ஊழியரைக் கண்டித்தார் என்று பொருள். ‘பணியில் அமர்த்தினார்’ என்று எழுதினால் திட்டு வாங்கியவனுக்கு வேலை போட்டுக்கொடுத்ததாகிவிடும்.

வேலையும் வரியும் ஒரே சொல்லுக்குள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய விந்தை இல்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்றால் நில வரி. கடனிலிருந்து வந்த கடமை ஒருபக்கம் செய்ய வேண்டியது, மறுபக்கம் கட்ட வேண்டியது. ஆங்கில ‘டூட்டி’யும் அப்படியே: கொடுபட வேண்டியது என்ற சொல்லிலிருந்து பிறந்தது, மருத்துவருக்கும் உண்டு, துறைமுகச் சுங்கத்திலும் உண்டு. டூட்டிக்குக் கடமை என்று பெயர்த்தவர் இதை நினைத்தாரோ இல்லையோ, அச்சாக விழுந்திருக்கிறது.

வசனகாரர் · ஜூன் 6, இரவு 7.40

‘குற்றேவல்’ யாருக்கும் நினைவில் வரவில்லையா? வரலாற்றுப் படத்துக்கு எரண்ட், சோர் இரண்டையும் அதில் அடக்கிவிடலாம்.

நிரலாளர் · ஜூன் 6, இரவு 7.55

குற்றம் செய்ய ஏவுவதா?

திருத்துநர் · ஜூன் 6, இரவு 8.20

குறுமையும் ஏவலும் சேர்ந்தது குற்றேவல். சின்னச் சின்ன ஏவல். குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இரண்டையும் அடக்கும் என்பதை ஒப்ப முடியாது. ஏவல் என்றால் ஏவுகிற ஆள் ஒருவர் வேண்டும். எஜமான் சொல்லிச் சேவகன் போகிற எரண்டுக்குப் பொருந்தும். தன் வீட்டைத் தானே கூட்டுகிறவர் யாருக்குக் குற்றேவல் செய்கிறார்? ‘எடுபிடி வேலை’க்கும் இதே தடை. அதில் இளக்காரமும் கலந்திருக்கிறது, சோரில் அது இல்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் ஒட்டிவைக்கிற ‘சோர் சார்ட்’டை எடுபிடிப் பட்டியல் என்றால் அழுதுவிடுவார்கள். ‘யார் முறை?’ என்று தலைப்பிட்டால் போதும், சொல்லும் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடும்.

தொடங்கியவர் · ஜூன் 7, காலை 9.00

சோர்வு வாதத்தைக் கைவிடுகிறேன். ஒரே சொல் கேட்டதும் தப்பு என்று புரிகிறது. ஆனால் ‘ஆட் ஜாப்ஸ்’ என்பதை இதில் எங்கே வைப்பது?

திருத்துநர் · ஜூன் 7, காலை 9.25

‘சில்லறை வேலை’. குழாய் ஒழுகல், கதவுக் கீல், ஆணி அடிப்பது. சோர் போல மறுபடி மறுபடி வராது, எரண்ட் போல வெளியே இழுக்காது, பெரும்பாலும் கூலி உண்டு. இதைச் சோரோடு சேர்த்து ஜூன் 3ஆம் தேதிக் குறிப்பில் ‘சில்லறையான’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அங்கே ‘அற்பமான’ என்று படித்துக்கொள்ளவும்.

வசனகாரர் · ஜூன் 7, காலை 9.31

‘அற்பமான’ என்றால் செய்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

திருத்துநர் · ஜூன் 7, காலை 9.40

‘சிறிய’.